ஜோஸியானின் பனிக்காலச் சக்கரங்கள்

ரெனால் செத்ததில் எனக்கு எள்ளளவும் வருத்தம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் முன்னால் வந்து மூக்கைச் சிந்த வேண்டாம். அவன் என் தோள் எலும்பை உடைத்தான், அது இன்னும் ஒழுங்காகக் கூடவில்லை. அதற்காகச் சொல்லவில்லை. ஒரு பெண் உயிரோடு இருந்தால் போதும் என்று ஊரை விட்டு, குடும்பப் பேரை விட்டு, தலைமுடியின் நிறத்தைக்கூட விட்டு ஓடி வந்திருந்தாள். அவளை அவனுக்குக் காட்டிக்கொடுத்தவன் நான். என் வருத்தமெல்லாம் அதில்தான். வழக்கு முடிந்துவிட்டது. மறுபடி திறக்க யாருக்காவது ஆசை இருந்தால், என் விலாசம் மாறவில்லை.

என் பெயர் கஸ்பார். லான்ஸ்-நுவாரில் முப்பத்தோரு வருடம் டயர் கடை வைத்திருந்தேன். படகுத்துறையிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம், ஒரே சாலை. ஒரு தேவாலயம், ஒரு மர அறுப்பு ஆலை, நான். டிசம்பர் முதல் தேதிக்குள் பனிக்கால டயர் மாட்டியாக வேண்டும் என்பது சட்டம். அதனால் எங்கள் நாட்டில் எல்லோரிடமும் இரண்டு செட் சக்கரங்கள் இருக்கும், காரில் நான்கு, கொட்டகையில் நான்கு. நவம்பர் கடைசியில் நான் உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. ஒடெத், என் மனைவி, பட்டாணி சூப்பை நின்றபடியே என் வாயில் ஊற்றுவாள். ஊற்றும்போது திட்டுவாள்.

இந்தக் காலத்துக் கார்களில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். கட்டை விரல் அளவுதான். காற்று எவ்வளவு இருக்கிறது என்பதை அது ரேடியோவில் காருக்குச் சொல்லும், சொல்லும்போது தன் எண்ணையும் சேர்த்துச் சொல்லும். உலகத்தில் ஒரு சென்சாரின் எண் இன்னொன்றுக்கு இருக்காது. கோடைச் சக்கரத்தில் அது கம்பெனியே போட்டுத் தருவது. பனிக்காலச் சக்கரத்துக்கு நாமாகப் போட்டால்தான் உண்டு, எங்கள் ஊரில் யார் போடுகிறார்கள்? சென்சார் இல்லாவிட்டால் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஓட்டுகிறவன் கண் முன்னால் மஞ்சள் விளக்கு எரியும். அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. பாதிரியார் காரிலும் டேப்தான்.

ஜோஸியான் மே மாதம் வந்தாள். ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல் வேலை. நாற்பது வயதிருக்கும். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. அந்தக் கையைப் பார்த்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது, ஏனென்றால் அப்படிப்பட்ட கையை என் தொழிலில் பார்த்திருக்கிறேன். ரிம்மிலிருந்து டயரைப் பிரிக்கும் இயந்திரத்தில் கை மாட்டினால் விரல் அப்படித்தான் ஆகும். ஆனால் இவள் டயர்க்காரி இல்லை.

ஒடெத்திடம்தான் சொன்னாள். புருஷன் ரெனால், லா மல்பேயில் டயர் கடை வைத்திருக்கிறான். ஒரு நாள் சாப்பாடு ஆறிப்போனது என்று அவளைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய், அவள் விரல்களை அந்த இயந்திரத்தில் வைத்து, காலால் மிதியை அழுத்தினான். அழுத்தும்போது வாடிக்கையாளர் ஒருவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தானாம், குரல் கொஞ்சம்கூட மாறவில்லையாம். அடுத்த தடவை தாடை. அதற்கு அடுத்த தடவை கழுத்தைப் பிடித்து, "இனிமே ஓடினா கொன்னுடுவேன்" என்றான். அவள் ஓடினாள்.

கெட்டிக்காரி. போனை ஆற்றில் போட்டாள், சிவப்புக் காரை விற்றுவிட்டுச் சாம்பல் நிறத்தில் வேறொன்று வாங்கினாள். ஆனால் அதே கம்பெனிக் கார், அதே போல்ட் அளவு. ஏனென்றால் பின் சீட்டில் நான்கு பனிக்காலச் சக்கரங்களை ஏற்றிக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தாள். ஐஸைக் கவ்விப் பிடிக்க ஆணி பதித்த டயர், ஒரே ஒரு பனிக்காலம் ஓடியவை. உயிர் பிழைக்க ஓடுகிறவள் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாளா என்று வெளியூர்க்காரன் கேட்பான். எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். நவம்பர் வரும் இல்லையா? கட்டிலை விட்டுவிட்டுப் போவோம், கல்யாணப் படத்தை விட்டுவிட்டுப் போவோம், நல்ல பனிக்காலச் சக்கரத்தை விட்டுவிட்டுப் போக மாட்டோம்.

நவம்பர் பதினெட்டாம் தேதி அந்த நான்கையும் மாட்ட வந்தாள். லிஃப்டில் காரை ஏற்றினேன். வால்வைப் பார்த்ததுமே தெரிந்தது, உள்ளே சென்சார் இருக்கிறது. எனக்கு ஒரே சந்தோஷம்.

"அடேயப்பா, எல்லாம் போட்டு வச்சிருக்கு. உன் காருக்கு இதோட நம்பரைச் சொல்லிக் குடுத்துட்டா விளக்கே எரியாது. இந்த ஊர்லயே டேப் ஒட்டாத ஆளு நீயாத்தான் இருப்ப" என்றேன்.

அவள் கிட்டே வந்து சக்கரத்தைப் பார்த்தாள், தொடவில்லை.

"இதெல்லாம் ரெனால் மாட்டினது. உள்ள அவனோடது எதுவும் இருக்காதே?"

நான் சிரித்தேன். நன்றாக வாய்விட்டுச் சிரித்தேன்.

"காத்து மட்டும்தான் அவனோடது. அதையும் பிடுங்கிவிட்டுட்டு நம்ம ஊர்க் காத்து ஏத்திடறேன், போதுமா?"

நான்கு வால்வையும் திறந்து காற்றை இறக்கினேன். புஸ்ஸென்று அது போகும்போது அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காக எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். அவள் கேட்டது சரியான கேள்வி. முப்பத்தோரு வருட அனுபவத்தில் நான் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். அந்த எண்களை அவனும் ஒரு நாள் ஒரு காருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பான். அவன் கணினியில் அவை இருக்கும். எனக்கு அது தோன்றவே இல்லை.

என் கருவி பழசு. படித்த எண்ணைத் தாளில் எழுதி, காருக்குள் ஏற்றும் இன்னொரு கருவியில் கையால் தட்ட வேண்டும். இரண்டு தடவை தப்பாகத் தட்டினேன். முன் இடது சக்கரத்தின் எண் 1304 என்று முடிந்தது.

"பாரு ஒடெத், உன் பொறந்த நாள். பதிமூணு, நாலு. இதை மறக்கவே மாட்டேன்."

"மறக்காம இருந்த வருஷம் எதுன்னு சொல்லேன், கேட்டுக்கறேன்" என்றாள் ஒடெத்.

ஜோஸியானுக்கு லா மல்பேயில் ஒரு அம்மா இருந்தாள், முதியோர் இல்லத்தில், ஞாபகம் போன நிலையில். இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தடவை ஜோஸியான் படகேறிப் போய், பின்வாசல் வழியாக நுழைந்து, அம்மாவுக்குத் தலைவாரிவிட்டுத் திரும்புவாள். போகாதே என்று ஒடெத் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மாவுக்கு நான் யாருன்னு தெரியாது. சீப்பு பட்டா மட்டும் கண்ணை மூடிக்கறா" என்றாள் ஜோஸியான்.

ரெனாலுக்கும் அது தெரியும். கோடை முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் அந்த இல்லத்தின் வாகன நிறுத்தத்தில் தன் வெள்ளை வேனில் உட்கார்ந்திருக்கிறான், மடியில் ஒரு பெட்டி. பக்கத்தில் போகிற வண்டிகளின் சென்சார் எண்களைப் பிடித்துத் திரையில் காட்டும் பெட்டி. சிவப்புக் கார் வராது என்று அவனுக்குத் தெரியும். சக்கரத்தை அவள் விட்டுப்போகவில்லை என்பதும் தெரியும், கொட்டகை காலியாக இருந்ததே. பனி விழட்டும் என்று காத்திருந்தான். இதெல்லாம் பிறகு போலீஸ் சொன்னது. வேனில் ஒரு நோட்டு இருந்ததாம், இருபத்தாறு ஞாயிறு வரிசையாக எழுதி.

நான் சக்கரம் மாட்டிய பிறகு வந்த ஞாயிறு, பெட்டியில் நான்கு எண்களும் விழுந்தன. சாம்பல் காரின் பின்னால் படகுத்துறை வரை வந்தான். படகில் அவள் கார்தான் கடைசி. சங்கிலி போட்டுவிட்டார்கள், அவன் கரையில் நின்றான். அடுத்த படகில் அவன் வருவதற்குள் அவள் போய்விட்டிருந்தாள். அதனால் வடக்கே இருக்கிற ஊர்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு வந்தான்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு என் கடை முன்னால் வேனை நிறுத்தினான். எனக்கு அவன் முகம் தெரியாது. உயரமான ஆள், சுத்தமான தாடி, நல்ல பேச்சு.

"பாஸ், ஒரு வால்வு ஊசி கிடைக்குமா? நானும் உங்க ஜாதிதான், டயர்க்காரன்."

டயர்க்காரன் என்றால் எனக்குப் போதும். காபி கொடுத்தேன். இந்த வருடப் பனி, இந்த வருடப் பைத்தியங்கள், கோடை டயரோடு பள்ளத்தில் விழுந்த மேயர் என்று எல்லாம் பேசினோம். வேனின் டாஷ்போர்டில் பெட்டியைப் பார்த்தேன்.

"அது என்ன?"

"சக்கரம் பேசறதை ஒட்டுக்கேக்கற மெஷின். வாடிக்கையாளர் கடைக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே யாருன்னு தெரிஞ்சிடும். நூறு மீட்டர் வரைக்கும் எட்டும். ஆனா உங்க ஊர் ஊமை ஊரா இருக்கே பாஸ், ஒண்ணுமே பேசமாட்டேங்குது."

"இங்க எல்லாம் டேப்புதான். பனிக்காலச் சக்கரத்துல சென்சார் வச்சிருக்கறது ஊர்லயே ஒரே ஒரு வண்டி. போன வாரம் நான்தான் மாட்டினேன், சாம்பல் கலர்."

பெருமை. வேறென்ன? என் வாயை அன்று காலையில் யாராவது தைத்திருக்கலாம்.

"அப்படியா" என்றான் அவன். காபியை ஒரு மடக்கு குடித்தான். "யாரோடது?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபடியே வேன் ஜன்னல் வழியாகக் குனிந்து திரையைப் பார்த்தேன், எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத்தான். மேலே, தேட வேண்டியவை என்று நான்கு எண்கள் சிவப்பில் நின்றிருந்தன. முதல் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 1304.

நிமிர்ந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் முகம் எதையும் மறைக்காது, ஒடெத் எப்போதும் சொல்வாள்.

"ஓ, அவளைத் தெரியுமா உங்களுக்கு" என்றான்.

ஜன்னலுக்குள் கையை விட்டு அந்தப் பெட்டியைப் பிடுங்கினேன். வயரோடு பாதி வெளியே வந்தது. அதற்குள் அவன் என் மேடையிலிருந்து டயர் லிவரை எடுத்துவிட்டான், முழங்கை நீள இரும்பு. அதை என் தோளில் இறக்கினான். எலும்பு முறியும் சத்தம் எனக்குக் காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது. பெட்டி அவன் கைக்குப் போய்விட்டது. நான் கீழே விழுந்ததும் விலாவில் உதைத்தான், ஆணி பூட்ஸ், நான்கு உதை, அவசரமே இல்லாமல். எங்கள் ஊரில் கோபம் வந்தால் தேவாலயத்துச் சாமான்களின் பேரைச் சொல்லித்தான் திட்டுவோம். பீடம், பாத்திரம், பேழை என்று ஒன்று விடாமல் கத்தினேன்.

ஒடெத் அலுவலக அறையிலிருந்து ஓடிவந்தாள். டயருக்குத் தடவும் சோப்புத் தண்ணீர் வாளியை அப்படியே அவன் முகத்தில் வீசினாள். கண் எரிந்து அவன் குருட்டுவாக்கில் லிவரைச் சுழற்றினான், நுனி அவள் வாயில் பட்டது. ரத்தத்தோடு இரண்டு பற்களை அவள் உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். நான் ஒரு கையால் சக்கர நட்டுகள் நிறைந்த டப்பாவைத் தூக்கி எறிந்தேன், அவன் நெற்றி பிளந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, லிவரோடு வேனில் ஏறினான். ஏறியதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"சாம்பல் கலர். ரொம்ப நன்றி பாஸ்."

ஒடெத் போலீசுக்குப் போன் செய்தாள். நிலையம் நாற்பது நிமிடம் தள்ளி இருக்கிறது, பனியில் ஐம்பது. நான் ஆலையின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போன் போட்டேன். ஜோஸியானே எடுத்தாள், பின்னால் பாத்திரச் சத்தம்.

"ஜோஸியான், அவன் வந்துட்டான். நம்ம ஊர்ல இருக்கான். நான் சொல்றதைக் கேளு. காரை எடுக்காத. வண்டி நிக்கறப்ப சென்சார் தூங்கிடும், அவனால கண்டுபிடிக்க முடியாது. போலீஸ் வர்ற வரைக்கும் உள்ளயே இரு."

பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு கேட்டாள், "சக்கரத்தை வச்சா கண்டுபிடிச்சான்?"

"ஆமா."

"நான் கேட்டேனே உங்ககிட்ட."

"கேட்ட."

"போலீஸ் எங்க வீட்டுக்கு ஆறு தடவை வந்திருக்காங்க. ஆறு தடவையும் அவன் காபி போட்டுக் குடுத்தான்." அவள் குரல் தாழ்ந்திருந்தது. "எவ்வளவு வேகத்துல போனா அது முழிச்சுக்கும்?"

"எதுக்குக் கேக்கற?"

"சொல்லுங்க கஸ்பார்."

"முப்பது. ஜோஸியான், வேண்டாம்."

போன் வைக்கப்பட்டது.

டிரக்கை எடுத்துக்கொண்டு போனேன். வலது கை மட்டும் வேலை செய்தது. பனி பொடிப்பொடியாக விழ ஆரம்பித்திருந்தது. ஆலைக்கு ஐந்து நிமிடம், அந்த ஐந்து நிமிடமும் என்னை நானே திட்டிக்கொண்டு போனேன். ஆலை வாசலுக்கு முன்னால் பெரிய சாலையில் அவள் சாம்பல் கார் எனக்கு எதிரே வந்தது, நாற்பதில், நிதானமாக. என்னைக் கடந்து போனது, தேவாலயத்தருகே திரும்பி மறுபடி வந்தது. சென்சார்களை விழிக்கவைத்து, அவனைத் தன்னிடம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது சுற்றில் வெள்ளை வேன் தேவாலயத்துக்குப் பின்னாலிருந்து வந்து அவள் பின்னால் ஒட்டிக்கொண்டது.

அவள் ஆலையின் பின்பக்கத்துக்குத் திருப்பினாள், மரக்கட்டைகளை வீடு உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கும் பாதைக்கு. ரம்பங்கள் ஓடுகிற சத்தத்தில் அங்கே யார் கத்தினாலும் கேட்காது. பாதையின் முடிவில் காரைத் திருப்பி, அவனைப் பார்க்க நிறுத்தினாள். அவன் வேனைக் குறுக்கே போட்டு வழியை அடைத்தான். நான் டிரக்கை விட்டு இறங்கி வேனைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்குத்தான். விலா ஒவ்வொரு அடிக்கும் குத்தியது. முப்பது அடி தூரத்தில் கால் மடங்கிக் கட்டை அடுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரெனால் என் லிவரோடு அவளை நோக்கி நடந்தான். நெற்றியிலிருந்து ரத்தம் தாடிக்குள் வடிந்தது, சிரித்த முகம்.

"ஜோ, வா, வீட்டுக்குப் போலாம். சாமான் எல்லாம் அப்படியே இருக்கு."

முதல் அடியில் முன் கண்ணாடி நொறுங்கியது. இரண்டாவது அடியில் அவள் பக்கத்துக் கண்ணாடி போனது. கையை உள்ளே விட்டு அவள் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து, கண்ணாடி பெயர்ந்து நின்ற விளிம்பில் அவள் முகத்தை வைத்து அழுத்தினான். இழுத்தான், மறுபடி அழுத்தினான். அவள் கத்தியது ரம்பத்தையும் மீறி எனக்குக் கேட்டது. அப்போதுதான் கார் பாய்ந்தது. அவன் கை ஜன்னலில் மாட்டி இருபது அடி இழுபட்டான், பிறகு கழன்று உருண்டான். லிவர் பறந்து பனிக்குள் போனது. கார் நின்றது.

அவன் முழங்காலிட்டு எழுந்தான். ஒரு கை தொங்கியது. இன்னொரு கையைத் தூக்கினான், அதில் ஒன்றும் இல்லை.

"போதும் ஜோ. போதும்" என்றான்.

அவள் காரைப் பின்னால் எடுத்தாள். பின் விளக்கு வெள்ளையாக எரிந்தது. பத்து மீட்டர் பின்னால் போய், வளைத்து, அவனுக்கு நேராக நிறுத்தினாள். அவள் முகத்தின் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. ஒரு கண்தான் திறந்திருந்தது, அது என்னைப் பார்த்தது. நான் கத்தியிருக்கலாம். வேண்டாம் என்று கையைக் காட்டியிருக்கலாம். அப்படியே நின்றேன்.

கார் அவன்மேல் போனது. பிரேக் விளக்கு எரியவே இல்லை. முன் சக்கரம் ஏறியது, பின் சக்கரமும் ஏறியது. ஐஸ்மேல் ஐஸாக இறுகிக் கிடந்த பாதை, சக்கரம் ஒரு விரல் அளவுகூட வழுக்கவில்லை. அவ்வளவு நல்ல டயர்கள்.

இறங்கி வந்து பனியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். நான் பக்கத்தில் போய் என் கோட்டை அவள்மேல் போட்டேன், ஒரு கையால். அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்க சிரிச்சீங்க" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் பேசவில்லை.

போலீஸ் வந்தபோது பனி பலமாக விழுந்து தடத்தையெல்லாம் மூடியிருந்தது. ஆம்புலன்ஸ் அவளைக் கொண்டு போனது. போலீஸ்கார இளைஞன் ஒருவன், தொப்பியில் பனியோடு, நோட்டைத் திறந்தான். ரெனால் ஜன்னலில் மாட்டி இழுபட்டது வரை சொன்னேன்.

"முதல் தடவை தற்காப்பு, சரி. ரெண்டாவது தடவை, லிவர் தூரப் பனிக்குள்ள கிடக்கு, அந்தாள் கையில ஆயுதம் இல்லைன்னு தெரியுது. வெறுங்கையோட கிடந்தவன்மேல ஏத்தினா அது கொலை. அந்தம்மா பிரேக் பிடிச்சாங்களா?"

"பிடிச்சா" என்றேன். "செவப்பு விளக்கு எரிஞ்சதை என் கண்ணால பாத்தேன். பயத்துல தப்பிச்சு வெளிய போகப் பாத்தா, அவனைப் பாத்ததும் பிரேக்கை மிதிச்சா. வண்டி வழுக்கிடுச்சு."

"ஆணி டயர் வழுக்குமா?"

"வழுக்கிச்சு."

அவன் எழுதிக்கொண்டான். திங்கட்கிழமை நகரத்திலிருந்து நிபுணர் வந்து டயரைச் சோதிப்பார் என்றான். அதுவரை காரைப் பூட்டிவைக்க ஒரு இடம் வேண்டும். லான்ஸ்-நுவாரில் வண்டி இழுக்கும் லாரி ஒன்றே ஒன்றுதான், என்னுடையது. பூட்டுப் போட்ட பெரிய கொட்டகையும் ஒன்றுதான், என்னுடையது. என் தோளுக்குக் கட்டுப் போட்டிருந்ததால் ஒடெத் வீங்கிய வாயோடு லாரியை ஓட்ட, அந்த இளைஞனே பக்கத்தில் உட்கார்ந்து வந்து, காரை என் கொட்டகைக்குள் விட்டு, மஞ்சள் நாடா கட்டிவிட்டு, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நாடாவை அவிழ்த்தேன். ஆணி உதிர்ந்த டயர்தான் வழுக்கும். ஒரு டயரில் நூற்றுச் சொச்சம் ஆணி, நான்கு டயரில் நானூற்றுக்கு மேல். அரிசி அளவு இரும்புத் துண்டுகள், ரப்பருக்குள் வேர்விட்ட மாதிரி இறுகியிருக்கும். குறடால் பிடித்துத் திருகி இழுக்க வேண்டும். இடுக்குகளில் காய்ந்த ரத்தமும் துணி நூலும் இருந்தன. ஒவ்வொரு இழுப்புக்கும் உடைந்த எலும்பு ஒன்றோடொன்று உரசியது. பத்தாவது ஆணியில் அழுதேன், வலியில்தான் அழுதேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதாவது ஆணியில் கதவு திறந்தது. ஒடெத் வந்து என்னையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உன்னைத் தூக்கி ஜெயில்ல போடுவாங்க, கிழவா."

"தெரியும்."

"தள்ளி உக்காரு" என்று இன்னொரு குறடை எடுத்தாள்.

இரண்டு நாள் இழுத்தோம். மூன்றில் ஒரு பங்கை அப்படியே விட்டோம், எல்லாம் போயிருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். மிச்சமிருந்தவற்றின் தலையை அரத்தால் தேய்த்தோம். காலியான துளைகளில் சாலை மண்ணையும் உப்பையும் குழைத்து விரலால் அடைத்தோம். ஞாயிறு மதியம் நாடாவை மறுபடி கட்டினேன். ஆணிகளை ஒடெத் சூப் சட்டியில் கொண்டு போய் ஆற்றில் கொட்டினாள்.

நிபுணர் டயர் முன்னால் குந்தி உட்கார்ந்து காலித் துளைகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார், சாக்கடையைப் பார்க்கிற பார்வை.

"இதையா மாட்டி அனுப்பினீங்க?"

"ஆமா."

பிப்ரவரியில் ஊர்ப் பொதுக்கூடத்தில் விசாரணை நடந்தது. முப்பத்தோரு வருடமாக என் கையை நம்பி மலைச்சாலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனவர்கள் அத்தனை பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரன் என் பேருக்கு முன்னால் 'வழுக்கு' என்று ஏற்கனவே சேர்த்துவிட்டிருந்தான். வாடிக்கை முழுக்க நாற்பது நிமிடம் தள்ளி இருக்கிற கடைக்குப் போய்விட்டது. உரிமத்தைப் பிடுங்கப்போகிறார்கள் என்பதும் தெரிந்த கதைதான். ஜோஸியான் முதல் வரிசையில் இருந்தாள், முகத்தில் கண்ணுக்குக் கீழிருந்து வாய் வரை தையல் தழும்பு. நான் உள்ளே நுழைந்தது முதல் அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அங்கே சொல்லப்படும் ஒரு பதிலில் அவள் வீட்டுக்குப் போவாள், இல்லையென்றால் இருபத்தைந்து வருடம் உள்ளே போவாள்.

விசாரணை அதிகாரி ஒரு வயதான அம்மாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"மிஸ்யே கஸ்பார், முப்பத்தோரு வருஷ அனுபவம் உங்களுக்கு. ஒரு பொண்ணு தன் உயிரை நம்பி உங்ககிட்ட நாலு சக்கரத்தைக் கொண்டு வந்து குடுத்தா. அதுல ஆபத்து இருக்குன்னு உங்களுக்குத் தெரியலையா?"

கூடத்தில் யாரோ இருமினார்கள். ஒடெத் தன் கையுறையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"கவனிக்கல அம்மா" என்றேன். "கவனிச்சிருக்கணும். நான் கவனிக்கல."

சத்தியம் செய்துவிட்டு அந்தக் கூடத்தில் நான் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை. அவர் கேட்டது ஆணியை, நான் சொன்னது சென்சாரை. முதல் வரிசையில் ஜோஸியான் தலையைத் தூக்கினாள். அதிகாரி 'விபத்து' என்று எழுதி முடிக்கும் வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.